நாலு கடைக்காரர்களும் ஒரு பனிமலையும்

அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்ததற்கு வால்மீகி சாட்சி. ஆபிரகாம் லிங்கன் சியரா நெவாடா மலைத்தொடரைப் பல மைல் மேற்கே நகர்த்தி வைத்ததற்கு அமெரிக்க அரசாங்கத்தின் கோப்பு சாட்சி. அனுமாருக்காவது உடம்பில் பலம் வேண்டியிருந்தது. லிங்கனுக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது.

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் தண்டவாளத்தால் இணைக்க 1862-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பாதை போடும் கம்பெனிக்கு அரசாங்கம் கடன் பத்திரம் கொடுக்கும். சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் மைலுக்கு 48,000 டாலர். மலை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதை ஜனாதிபதி பார்த்து முடிவு செய்துகொள்வார் என்று விட்டுவிட்டார்கள். மைலுக்கு 32,000 டாலர் வித்தியாசம் என்றால் மலை சும்மா இருக்குமா? கலிபோர்னியாவின் அரசுப் புவியியலாளர் ஜோசையா விட்னியைக் கம்பெனி முதலாளி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு உலாப் போனார். சாக்ரமெண்டோ ஊரிலிருந்து 7 மைல் தள்ளி ஆர்கேட் ஓடைக் கரையில் இறங்கினார்கள். சுற்றிலும் தோசைக்கல் மாதிரி தட்டை. ஆனால் மண்ணின் நிறம் மட்டும் அங்கே மாறுகிறது. மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மண் இது, ஆகவே மலை இங்கே ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் விட்னி. லிங்கன் கையெழுத்துப் போட்டார். இந்தக் கணக்கில் பார்த்தால் தஞ்சாவூர் ஜில்லா முழுவதுமே குடகு மலைதான்.

இப்படி மலையை நகர்த்தத் தெரிந்தவர்கள் யார்? பொறியாளர்களா? கிடையாது. நாலு கடைக்காரர்கள். லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு மொத்த மளிகை. காலிஸ் ஹண்டிங்டனும் மார்க் ஹாப்கின்ஸும் கூட்டாக இரும்புச் சாமான் கடை. சார்லஸ் கிராக்கர் ஜவுளி. கலிபோர்னியாவில் தங்கம் அகப்படுகிறது என்று ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில், அந்த மண்வெட்டியை விற்றவன்தான் பணக்காரன் ஆகிறான் என்ற ரகசியத்தைக் கண்டுகொண்ட பேர்வழிகள். நாலு பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு முழம் தண்டவாளம் போட்டதில்லை. ஆனால் கடைக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். அந்தப் பேரேட்டை நாம் பிறகு பிரித்துப் பார்ப்போம்.

யோசனையைக் கொண்டுவந்தவர் தியோடர் ஜூடா என்ற பொறியாளர். ரயில், மலை, ரயில், மலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஓதியதால் ஊரார் அவருக்கு 'கிறுக்கு ஜூடா' என்று பெயர் வைத்திருந்தார்கள். டச் ஃபிளாட் என்ற சுரங்கத் தொழில் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஸ்ட்ராங் என்பவர் இவருக்கு ஒரு கணவாயைக் காட்டினார். மலை படிப்படியாக ஏறுகிறது, உச்சி ஏறத்தாழ 7,000 அடி, ரயில் ஏறும். ஒரு சின்னச் சங்கடம், அந்தக் கணவாயின் பெயர் டானர். 1846 குளிர்காலத்தில் டானர் குடும்பமும் கூட வந்தவர்களுமாக 87 பேர் கொண்ட கூட்டம் அந்தப் பக்கம் வந்து பனியில் மாட்டி, ஏறத்தாழப் பாதிப் பேர் செத்து, மிச்சம் இருந்தவர்களில் பலர் செத்தவர்களைத் தின்று உயிர் பிழைத்த இடம். அங்கே இருக்கிற ஏரிக்கும் அதே பெயர்தான். இதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகையை இயற்கையே நட்டு வைக்க முடியாது. ஜூடா அசரவில்லை. பனி ஒரு பிரச்சினையே இல்லை, விழ விழ முன்னால் கலப்பை கட்டிய எஞ்சின் ஒன்று தள்ளிக்கொண்டே போனால் போதும் என்று அறிக்கை எழுதினார்.

அவருடைய கலப்பை என்ன ஆயிற்று என்று பார்க்க அவர் இருக்கவில்லை. கடைக்காரர்களோடு கணக்கு வழக்கில் மனஸ்தாபம். இவர்களை விலைக்கு வாங்கக்கூடிய பெரிய முதலாளி யாராவது கிடைப்பார்களா என்று தேடி, 1863-ல் பனாமா வழியாக நியூயார்க் கிளம்பினார். அந்தக் காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் போக அதுதான் கிட்ட வழி. போகிற வழியில் மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. நவம்பர் 2-ம் தேதி போய்ச் சேர்ந்தார், நியூயார்க்குக்கும் மேலே. வயது 37. பனிமலையில் ரயில் விடக் கனவு கண்ட மனிதரை ஒரு வெப்பநாட்டுக் கொசு முடித்துவிட்டது.

வேலைக்கு ஆள்? அதுதான் அடுத்த தலைவலி. வெள்ளைக்காரத் தொழிலாளிகள் வந்தார்கள், பெயரைக் கொடுத்தார்கள், கம்பெனிச் செலவில் மலையேறினார்கள், அங்கிருந்து நேராக நெவாடா வெள்ளிச் சுரங்கங்களுக்கு நடையைக் கட்டினார்கள். ரயில் கம்பெனியை இலவச பஸ் மாதிரி உபயோகித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் கிராக்கர், நூறு கிலோவுக்கு மேல் கனத்த சரீரம். அவருக்குக் கீழே ஜேம்ஸ் ஸ்ட்ரோபிரிட்ஜ் என்ற மேஸ்திரி. ஆறடிக்கு மேல் உயரம், வாயைத் திறந்தால் வசவு. 1864-ல் ஒரு பாறைவெட்டில் வெடி வெடித்து ஒரு கண் போய்விட்டது. சீனர்களை வேலைக்கு வைக்கலாம் என்று கிராக்கர் சொன்னபோது, எலும்பும் தோலுமாக இருக்கிற இவர்களா மலை உடைப்பார்கள் என்று ஸ்ட்ரோபிரிட்ஜ் முறைத்தார். சீனப் பெருஞ்சுவரைக் கட்டியது யார் என்று கிராக்கர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். சரி, பரீட்சைக்கு 50 பேர் என்று 1865-ல் எடுத்தார்கள். 50 பேர் நூறானார்கள், ஆயிரமானார்கள். இரண்டு வருஷத்தில் பத்தாயிரத்துக்கு மேல். வேலை செய்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் சீனர். பெரும்பாலானோர் குவாங்டுங் மாகாணத்துக் கிராமத்து இளைஞர்கள். பனியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். குவாங்டுங்கின் தட்பவெப்பம் நம்முடையதற்குத் தூரத்து உறவு.

இதில் ஸ்டான்ஃபோர்டின் வேடிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மளிகைக்கடை வைத்திருந்தவர் 1862 ஜனவரியில் கலிபோர்னியாவின் கவர்னராகவும் ஆனார். பதவியேற்பு உரையிலேயே, ஆசியாவிலிருந்து வந்திறங்கும் இழிந்த இனத்தாரை நாட்டுக்குள் விடக்கூடாது என்று முழங்கினார். அதே ஆண்டு அவர் ஆட்சியில் ஒரு சட்டமும் வந்தது. சீனத் தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் இரண்டரை டாலர் வரி கட்ட வேண்டும். 'கூலி'களின் போட்டியிலிருந்து வெள்ளை உழைப்பாளிகளைக் காப்பாற்றுவதற்காம். (அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் நம்முடைய கூலிதான் என்று ஒரு கட்சி, இல்லை, குஜராத்துக் கோலி இனத்தார் பெயர் என்று இன்னொரு கட்சி. கண்டம் தாண்டிப் போய் வசவான தமிழ்ச் சொல் என்று நாம் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.) மூன்றே வருஷம். அதே ஸ்டான்ஃபோர்டு, ரயில் கம்பெனித் தலைவர் என்ற முறையில் ஜனாதிபதிக்கு அறிக்கை எழுதுகிறார்: சீனர்கள் அமைதியானவர்கள், பொறுமைசாலிகள், சிக்கனமானவர்கள், உழைப்பாளிகள். இடையில் சீனர்கள் மாறவில்லை. ஸ்டான்ஃபோர்டுக்குப் பாறை குறுக்கே வந்திருந்தது.

சம்பளம் மாதம் 30 டாலர் சுமார். வெள்ளைக்காரனுக்கு 35, அதோடு சாப்பாடும் கம்பெனி செலவு. சீனர்கள் தங்கள் காசிலேயே சமைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி இதை லாபம் என்று எழுதிக்கொண்டது. நிஜ லாபம் வேறு இடத்தில் போய் விழுந்தது. கம்பெனி சாப்பாடு மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரொட்டி, குடிக்க ஓடைத் தண்ணீர், அதன் விளைவாக வயிற்றுப்போக்கு. சீனர்கள் தங்கள் குழுவுக்கு ஒரு சமையல்காரர் வைத்து அரிசிச் சோறு, உலர்ந்த சிப்பி, கணவாய் மீன், மூங்கில் குருத்து, காளான், பன்றிக்கறி என்று ஒரு கட்டுக் கட்டினார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேநீராகத்தான் குடித்தார்கள். காலியான வெடிமருந்துப் பீப்பாயைக் கழுவி, அதில் தேநீரை ஊற்றி, காவடி மாதிரி தோளில் தொங்கவிட்டு, ஒரு பையன் வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பான். சாயந்தரம் வெந்நீரில் குளியல், மாற்றுடை. அந்தக் காலத்து அமெரிக்க மலைமுகாமில் தினமும் குளிக்கிற மனிதனைச் சக தொழிலாளிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். டீக்கடை இல்லாமல் எந்தக் கட்டடமும் எழும்பாது என்று நம்மூர்க் கொத்தனார்கள் சொல்வதற்குச் சரித்திர ஆதாரம் இது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு படம் காட்டுவார்கள். ஹார்ன் முனை என்ற செங்குத்துப் பாறையில் சீனர்கள் மூங்கில் கூடையில் தொங்கியபடி வெடி வைக்கிற படம். ரொம்பப் பிரபலம். கூடைக்கு அந்தக் காலத்து நேரடிச் சாட்சியம் எதுவும் அகப்படவில்லை. இதற்கு இவ்வளவு ஓவியம். மலைக்கு மேலே நிஜமாக நடந்ததற்கு ஓவியர் யாரும் ஏறவில்லை, குளிர்.

மேலே என்ன நடந்தது? உச்சியில் 1,659 அடி நீளத்துக்குக் கருங்கல்லைக் குடைய வேண்டும். 6-ம் எண் சுரங்கம். இரண்டு முனையிலிருந்தும் குடைந்தால் கிழவனாகிவிடுவோம் என்று, நடுவில் மேலிருந்து கிணறு மாதிரி 73 அடி இறக்கி, அங்கிருந்தும் இரண்டு பக்கம் குடைந்தார்கள். ஆக நாலு முகத்தில் இரவு பகலாக வேலை. ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் போடுவார்கள். விளக்கு மங்கல், கை விறைத்திருக்கிறது, சம்மட்டி ஒரு அங்குலம் தவறினால் உளி பிடித்தவர் அப்புறம் எதையும் பிடிக்க முடியாது. துளை போட்டு, கரிமருந்து திணித்து, திரி வைத்து, ஓடி, வெடித்து, கல்லை அள்ளி, மறுபடி துளை. இத்தனைக்கும் பிறகு ஒரு முகத்தில் ஒரு நாள் முன்னேற்றம் சராசரி 1.18 அடி. நம்முடைய ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவு.

கடைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அப்போது சந்தைக்குப் புதிதாக ஒரு சரக்கு வந்திருந்தது, நைட்ரோகிளிசரின். இத்தாலிக்காரர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-ல் கண்டுபிடித்துவிட்டு, இதை ஏன் கண்டுபிடித்தோம் என்று பயந்த திரவம். குலுக்கினால் வெடிக்கும், கீழே போட்டால் வெடிக்கும். 1866 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிடங்குக்கு ஒழுகுகிற பெட்டி ஒன்று வந்தது. உள்ளே என்ன என்று தெரியாமல் திறந்து பார்க்க முயன்றார்கள். பெட்டி, கிடங்கு, 15 உயிர் எல்லாம் போயிற்று. இதை ஊர் வழியாக எடுத்துப் போகக்கூடாது என்று தடை. கம்பெனி சட்டத்தை மதித்தது, எடுத்துப் போகவில்லை. ஜேம்ஸ் ஹௌடன் என்ற ரசாயன நிபுணரை மலை உச்சிக்கே அழைத்துப் போய், சுரங்க வாசலிலேயே காய்ச்ச வைத்தது. 1867 தொடக்கத்திலிருந்து அன்றன்றைக்குத் தேவையானது அன்றன்றைக்குச் சுடச்சுட. முன்னேற்றம் 1.82 அடியாக உயர்ந்தது. அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு மண்டை பிளக்கிற தலைவலி. நெஞ்சுவலிக்காரர்கள் இன்று நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரையில் இருப்பதும் இதே சரக்குதான். ரத்தக் குழாயை விரிக்கும். மலையையும் விரிக்கும்.

பனிக்கு வருவோம். கொடைக்கானலில் டிசம்பர் மாதத்தில் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக ஏரியைச் சுற்றப் புறப்பட்டு, முதல் டீக்கடையிலேயே யாத்திரையை முடித்துக்கொண்ட வம்சம் நான். அதனால் இனி எழுதுவதை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

1866-67 குளிர்காலம். அங்கே வேலை பார்த்த ஜான் கில்லிஸ் என்ற பொறியாளர் எல்லாப் புயலையும் எண்ணி வைத்திருக்கிறார், மொத்தம் 44. சிலது கால் அங்குலப் பனி. சிலது 10 அடி. பிப்ரவரி 18-ம் தேதி மத்தியானம் ஆரம்பித்த ஒன்று மார்ச் 2 வரை, பதின்மூன்று நாள். மனிதர்கள் வெளியே நடமாடுவதை நிறுத்தினார்கள். குடிசைகள் மூடிப்போயின. குடிசையிலிருந்து சுரங்க வாசலுக்குப் பனிக்குள்ளேயே வளை தோண்டினார்கள். 50 அடி, 100 அடி, சிலது 200 அடி நீளம். ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டியே போகலாம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மேலே துளை. உடைத்த கல்லை வெளியே தள்ளப் பக்கவாட்டில் ஜன்னல். எலி வாழ்க்கை. காலையில் எழுந்து பனிக்குகை வழியாகக் கல்குகைக்குப் போய், மாலையில் கல்குகையிலிருந்து பனிக்குகைக்குத் திரும்பி, வானத்தைப் பார்க்காமலே மாதங்கள் ஓடின. கம்பெனிக்கு இதில் ஒரு வருத்தம்: ஆட்களில் பாதிப் பேர் பாறையை உடைக்காமல் பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பனிக்கு மைலுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

பனி விழுவதை மனிதன் சமாளித்துவிடலாம். சரிவதைத்தான் முடியாது. 1866 கிறிஸ்துமஸ் அன்று டச் ஃபிளாட் பத்திரிகையில் ஒரு செய்தி: ரயில் கம்பெனியின் சீனத் தொழிலாளர் குழு ஒன்றைப் பனிச்சரிவு மூடியது, தோண்டி எடுப்பதற்குள் நாலைந்து பேர் இறந்துவிட்டார்கள். நாலா, ஐந்தா? நிருபருக்கு அவசரம் போலிருக்கிறது. அல்லது இந்த வகை ஆட்களை முழு எண்ணில் சொல்ல வேண்டிய வழக்கம் இல்லை.

கில்லிஸ் சொல்கிற இன்னொரு சம்பவத்தில் ஓர் அபத்தமான அழகு இருக்கிறது. 15, 16 பேர் தங்கியிருந்த மரவீடு ஒன்று. ஒரு புயலின் கடைசியில் சரிவு வந்து கூரையை நசுக்கி மூடிவிட்டது. யாருக்கும் தெரியாது. சாயந்தரம் ஒரு மனிதர் மலைப் பாதையில் ஏறி வருகிறார். இங்கே ஒரு வீடு இருந்ததே? யோசிக்கிறார். முகாமுக்கு ஓடிப்போய்ச் சொல்கிறார். 15 அடிப் பனியைத் தோண்டினார்கள். படுக்கைகள் சுவரை ஒட்டி இருந்ததால் மரச்சுவர் தாங்கிக்கொண்டது, மூன்று பேர்தான் சாவு. உள்ளே கை காலை அசைக்க முடிந்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் தாங்களாகவே கிட்டத்தட்ட வெளியே வரத் தோண்டியிருந்தார்கள். அந்த மனிதர் மட்டும் குளிருக்கு ஒரு கோப்பை கூடுதலாகப் போட்டுவிட்டு, 'நமக்குத்தான் கண் சரியில்லை' என்று நடையைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு வழிப்போக்கர் அமையவில்லை. இருபது வருஷம் கழித்து, 1887-ல் அரசாங்க விசாரணைக் குழு முன்பு ஸ்ட்ரோபிரிட்ஜ் சாட்சி சொன்னார். சரிவுகள் முகாம்களை அடித்துக்கொண்டு போயின, நிறையப் பேரை இழந்தோம், பலரை அடுத்த பருவத்தில் பனி உருகிய பிறகுதான் கண்டுபிடித்தோம் என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம். எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை.

இனி அந்தப் பேரேடு. எவ்வளவு மரம், எவ்வளவு ஆணி, நாளைக்கு எத்தனை பீப்பாய் கரிமருந்து என்றெல்லாம் கம்பெனிக்குத் தெரியும். உச்சக்கட்டத்தில் நாளைக்கு 500 பீப்பாய். செத்தவர்களுக்கு மட்டும் பத்தியே இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். வெடிமருந்து காசு கொடுத்து வாங்கியது, கெட்டுப்போனால் நஷ்டம், எழுத வேண்டும். மாடும் அப்படித்தான். சீனத் தொழிலாளி மாத வாடகை. அவன் செத்தால் கம்பெனிக்கு ஒரு சல்லி நஷ்டமில்லை. அடுத்த மாதப் பட்டியலில் கங்காணியின் பெயருக்கு எதிரே ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அல்லது வேறு ஆள் வந்தால் அதுவும் குறையாது. ஆமாம், கங்காணி பெயர்தான். ஹங் வா என்ற மாதிரி ஒரு தலைவன் பெயரில் மொத்தச் சம்பளமும் தங்கக் காசாகக் கொடுக்கப்படும், அவன் பிரித்துக் கொடுப்பான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பல்லாயிரம் பேர் வேலை செய்த இடத்திலிருந்து சீனத் தொழிலாளி ஒருவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கம்பெனியின் கட்டுமானக் கணக்குப் புத்தகங்களும், காங்கிரஸ் விசாரணை என்று பேச்சு வந்த சமயத்தில் மாயமாக மறைந்தன. அது தொழிலாளிகளை மறைக்க அல்ல, லாபத்தை மறைக்க.

1867 ஜூன் 25. பனி உருகிவிட்டது, பிணங்களும் வெளியே வந்துவிட்டன. அன்று காலை மலை முழுவதும் ஆயிரக்கணக்கான சீனர்கள் ஒரே நேரத்தில் கருவியைக் கீழே வைத்தார்கள். மாதம் 40 டாலர் வேண்டும், வெளிவேலைக்குப் பத்து மணி நேரம், சுரங்கத்துக்குள் எட்டு மணி நேரம். கோஷம் இல்லை, கல்லெறி இல்லை. முகாமுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது என்று கிராக்கர் பிற்பாடு நினைவுகூர்ந்தார், கொஞ்சம் அசந்துபோய். அசந்தாலும் கடைக்காரர் கடைக்காரர்தான். மலைக்குப் போகிற சாப்பாட்டுச் சாமானை நிறுத்தினார். டானர் ஏரிக்கரையில் பட்டினி என்ன செய்யும் என்று அமெரிக்காவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆகஸ்டில் உச்சிச் சுரங்கத்தின் முகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நாலு பக்கமிருந்து இருட்டில் குடைந்துகொண்டு வந்ததில் விலகல் இரண்டே அங்குலம்.

சுரங்கம் முடிகிற வரை சும்மா இருந்தால் மைலுக்கு மைல் பணம், கிழக்கிலிருந்து பாதை போட்டுக்கொண்டு வருகிற எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுமே? அதனால் அதற்கு முந்தியே மூன்று ரயில் எஞ்சின்களையும் 40 பெட்டிகளையும், 40 மைல் தண்டவாளத்துக்கான இரும்பையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, மாடு பூட்டி, மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். ரயில், மாட்டு வண்டியில் ஏறி மலையைக் கடந்தது. தேர் இழுத்துப் பழகிய நம்மவர்கள் பார்த்திருந்தால் நாலு யோசனை சொல்லியிருப்பார்கள்.

ஜூடாவின் கலப்பை என்ன ஆயிற்று? எஞ்சின் மேல் எஞ்சினாகக் கோத்துப் பன்னிரண்டு எஞ்சின் வரை பின்னாலிருந்து முட்டினாலும், கலப்பை பனிக்குள் ஆப்பு மாதிரிச் செருகிக்கொண்டு நின்றது. கடைசியில் பாதைக்குக் கூரை போட்டுவிட்டார்கள். விளையாட்டில்லை. ஏறத்தாழ 37 மைலுக்கு மரக் கொட்டகை, சரிவு வந்தால் மேலேயே வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. ஆறரைக் கோடி பலகை அடி மரம், 900 டன் ஆணியும் திருகும், செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். பார்த்தீர்களா, ஆணியின் எடைவரை கணக்கு இருக்கிறது. பனியிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் காய்ந்த மரக் கொட்டகைக்குள் தீப்பொறி கக்கிக்கொண்டு ஓடுகிற நீராவி எஞ்சின்! பனிக்காகக் கட்டியது கோடையில் எரிந்தது. அதற்காகத் தண்ணீர்த் தொட்டியோடு எப்போதும் நீராவி ஏற்றித் தயாராக நிற்கும் தீயணைப்பு ரயில்கள். பக்கத்துச் சிகரத்தில் உட்கார்ந்து புகை தெரிகிறதா என்று பார்க்க ஒரு காவல்காரர். மாட்டுக் கொட்டிலுக்குள் ரயில் ஓட்டுகிறோம் என்று டிரைவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இயற்கைக் காட்சி பார்க்க டிக்கெட் வாங்கிய பயணிகள் 37 மைலுக்குப் பலகையைப் பார்த்தார்கள்.

உருப்படியான பனிக்கலப்பையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஒரு பல் டாக்டர். கனடாவின் டொராண்டோவில் இருந்த ஜே. டபிள்யூ. எலியட், 1869-ல். சுழல்கிற சக்கரம் பனியைக் குடைந்து பக்கவாட்டில் துப்பும். குடைவது, வாய் கொப்பளித்துத் துப்புவது, இரண்டுமே தொழில் அனுபவம். எந்த ரயில் கம்பெனியும் அவரைச் சீண்டவில்லை. 1880-களில் வேறு ஆட்கள் அதைச் செம்மைப்படுத்திய பிறகுதான் அது மலையேறியது.

அதற்குப் பிறகும் மலை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. 1910 மார்ச் 1-ம் தேதி, வாஷிங்டன் மாநிலத்து மலையில் வெலிங்டன் என்ற நிலையத்தில் (குன்னூருக்குப் பக்கத்தில் இருப்பது அல்ல, பயப்படாதீர்கள்) நின்றுகொண்டிருந்த இரண்டு ரயில்களைப் பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளியது, 96 பேர் சாவு. கம்பெனி பிறகு எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று நிலையத்தின் பெயரை மாற்றியது. மூன்று நாள் கழித்து கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில், முதல் சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் எதிர்ப் பக்க மலையிலிருந்து இரண்டாவது சரிவு. 58 பேர். அவர்களில் 32 பேர் ஜப்பானியர். 1952 ஜனவரியில் நம் டானர் கணவாய்ப் பாதையிலேயே சொகுசு ரயில் ஒன்று 226 பேரோடு மூன்று நாள் பனியில் புதைந்து நின்றது. டீசல் எஞ்சின், சாப்பாட்டுப் பெட்டி, மெத்தை எல்லாம் இருந்தது. டானர் குடும்பத்தைப் பற்றி அந்தப் பெட்டிகளில் யாரும் ஜோக் அடித்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மீண்டும் 1869. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைல் 56 அடி தண்டவாளம் போட்டு கிராக்கர் பந்தயம் ஜெயித்தார். தண்டவாளத்தைத் தூக்கி வைத்த எட்டு ஐரிஷ்காரர்களின் பெயரும் பதிவில் இருக்கிறது. அவர்களுக்கு முன்னும் பின்னும் ஓடி வேலை செய்த சீனர்கள் பல ஆயிரம். அவர்கள் 'பல ஆயிரம்'.

மே 10-ம் தேதி யூட்டாவில் புரோமொன்டரி உச்சியில் இரண்டு பாதைகளும் சேர்ந்தன. விழா மே 8-ம் தேதிக்கு வைத்தது. எதிர்க் கம்பெனியின் துணைத் தலைவர் டூரண்ட் வந்த ரயிலை, சம்பளப் பாக்கிக்காக அவருடைய தொழிலாளிகளே வழியில் மடக்கிப் பிடித்து வைத்துக்கொண்டதால் இரண்டு நாள் தாமதம். கேட்கிற விதம் தெரிந்தவர்கள். வந்தவருக்கு வேறு தலைவலி. ஸ்டான்ஃபோர்டு சுத்தியலை ஓங்கிக் கடைசி ஆணிமேல் போட்டார். தவறிவிட்டது என்கிறார்கள். மளிகைக்காரர், சுத்தியல் விற்றவர் ஹண்டிங்டன் அல்லவா! ஆனாலும் 'முடிந்தது' என்று தந்தி பறந்தது. சடங்குக்கு வைத்த தங்க ஆணியை எடுத்துவிட்டு இரும்பு ஆணி அடித்தார்கள். தங்க ஆணி இப்போது ஸ்டான்ஃபோர்டு பெயரிலேயே உள்ள பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விழாவில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் எஞ்சின்மேல் ஏறி நின்று பாட்டிலை நீட்டுகிற ஆட்கள்வரை இருக்கிறார்கள். சீனர்களைத் தேடினால் கண் வலிக்கும். ஸ்ட்ரோபிரிட்ஜ் மட்டும், அந்த ஒற்றைக் கண் முரடர், சில சீனத் தொழிலாளிகளைத் தன் ரயில் பெட்டிக்கு அழைத்துப் போய் விருந்து வைத்ததாகப் பத்திரிகை எழுதியது.

சீனர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அயலூரில் செத்தவனின் எலும்பையாவது எடுத்து, சுத்தம் செய்து, சொந்தக் கிராமத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 1870 ஜூன் மாதம், சாக்ரமெண்டோ வழியாக எலும்புகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் போயிற்று. அவர்கள் போட்ட பாதை, அவர்கள் குடைந்த சுரங்கம், அவர்கள் கட்டிய கூரைக்கடியில். சுமார் 1,200 பேருடைய எலும்பு என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஐம்பது பேர் சுமார் என்று அதே ஊரின் இன்னொரு பத்திரிகை. ஆள் கணக்கில்தான் குழப்பம். முதல் பத்திரிகை எடையையும் போட்டிருந்தது: 20,000 பவுண்டு.